அடம்பிடிக்கும் பிள்ளையும் தினம் ஐந்து நிமிடமும்: பி.சி.ஐ.டி. முறையில் பெற்றோர் செய்ய வேண்டியவை

இரண்டிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை அடிக்கிறது, கடிக்கிறது, கையில் கிடைத்ததை வீசுகிறது, எதைச் சொன்னாலும் ‘மாட்டேன்’ என்கிறது. வாரம் ஒருமுறை யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுவதால் பெரிய மாற்றம் வராது. மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது. அதனால் பேரன்ட் சைல்டு இன்டராக்‌ஷன் தெரபி, அதாவது பெற்றோர்-பிள்ளை உறவாடல் சிகிச்சை, சுருக்கமாக பி.சி.ஐ.டி., பெற்றோருக்கே பயிற்சி தருகிறது. அமெரிக்காவின் ஆரிகனில் உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் உருவாக்கிய இரண்டு கட்ட முறையை அடியாக வைத்து, 1970களில் உளவியலாளர் ஷீலா ஐபெர்க் இதை வகுத்தார்.

அறைக்குள் நீங்களும் பிள்ளையும் மட்டும் விளையாடுவீர்கள். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் தெரபிஸ்ட் உட்கார்ந்து, உங்கள் காதில் இருக்கும் இயர்போன் வழியாக அந்தந்த நொடியில் சொல்லிக்கொடுப்பார். முதல் ஐந்து நிமிடம் அவர் பேசவே மாட்டார். நீங்கள் எத்தனை முறை பாராட்டினீர்கள், எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று எண்ணிக் குறிப்பார். வாரம் ஒருமணி நேரம், பெரும்பாலும் 12 முதல் 20 வாரம். ஆனால் வாரக் கணக்கை வைத்து முடிப்பதில்லை. திறமை வந்திருக்க வேண்டும், வீட்டிலும் நடத்தை மாறியிருக்க வேண்டும். அதற்காக 36 கேள்விகள் உள்ள ஐபெர்க் படிவத்தை நிரப்புவீர்கள். மதிப்பெண் 36இலிருந்து 252 வரை போகும். 131ஐத் தொட்டால் சிகிச்சை தேவைப்படும் அளவு. 114 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும் என்பது இலக்கு.

முதல் கட்டம்: பிள்ளை முன்னால், நீங்கள் பின்னால்

கண்டிக்கும் முறையை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் பல பெற்றோர் கேட்கிறார்கள். இந்த முறையில் அது இரண்டாவதாகத்தான் வரும். உங்கள் கவனம் பிள்ளைக்கு இனிப்பாக இருந்தால்தான், பின்னால் அந்தக் கவனத்தை விலக்கும்போது அதற்கு உறைக்கும்.

தினமும் ஐந்து நிமிடம், ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. டி.வி.யை அணைத்து, போனைத் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று சாமான் போதும்: பில்டிங் பிளாக்ஸ், சொப்பு, கிரேயான்ஸும் தாளும். பந்து, துப்பாக்கி, வாள் வேண்டாம். கை ஓங்கும் விளையாட்டாகிவிடும். பரமபதம், கேரம் போல விதி உள்ளவையும் வேண்டாம். விதியைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்துவிடும். தண்ணீர், பெயின்ட் எடுத்தால் ‘சிந்தாதே’ என்று சொல்லியே ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை ஐந்து. பிள்ளை செய்வதை வர்ணியுங்கள்: ‘நீ நீலக் கட்டைய மேல வைக்கிற.’ வாக்கியத்தில் ‘நீ’ இருக்கட்டும். ‘கட்டை உயரமா இருக்கு’ என்பது கட்டையைப் பற்றிய பேச்சு. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘கார் போவுது’ என்றால் ‘ஆமா, கார் வேகமா போவுது.’ எதைப் பாராட்டுகிறீர்கள் என்று தெரியும்படி பாராட்டுங்கள். ‘சூப்பர்’, ‘குட் பாய்’ போதாது. ‘கட்டைய எவ்ளோ மெதுவா வைக்கிற, அழகா இருக்கு’ என்று சொன்னால்தான் எதைத் திரும்பச் செய்வது என்று பிள்ளைக்குப் புரியும். அது செய்வதையே நீங்களும் செய்யுங்கள். ஐந்தாவது, மகிழ்ச்சி முகத்திலும் குரலிலும் தெரிய வேண்டும்.

விட வேண்டியவை மூன்று: கேள்வி, கட்டளை, குறை. நம் வீடுகளில் கேள்விதான் கடைசிவரை விடாது. ‘இது என்ன கலர்? எத்தனை இருக்கு?’ என்று கேட்ட நொடியில் விளையாட்டு பரீட்சையாகிவிடும், தலைமையும் பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடும். தமிழில் ஒரே ஒரு ‘ஆ’ கெடுத்துவிடும் என்பதையும் கவனியுங்கள்: ‘கார் போவுது’ என்பது திருப்பிச் சொல்வது, ‘கார் போவுதா?’ என்பது கேள்வி. வாக்கியத்தின் முடிவில் ஒட்டும் ‘சரியா?’, ‘இல்ல?’, ‘தானே?’ எல்லாம் அதே கணக்கில்தான். ‘வா, வீடு கட்டலாம்’ என்பது கட்டளை. ‘பரவால்லையே, இன்னைக்கு அழாம விளையாடுற’ என்பது பாராட்டு போலத் தெரிந்தாலும் உள்ளே குறை இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் எதற்கென்று சொல்லும் பாராட்டு 10, திருப்பிச் சொல்வது 10, நடத்தையை வர்ணிப்பது 10, விட வேண்டியவை மூன்றும் சேர்த்து 3க்கு மேல் போகாமல். இந்த அளவு வந்த பிறகே அடுத்த கட்டம். வீட்டில் போனில் பதிவுசெய்து எண்ணிப் பாருங்கள். முதல் தடவை கேள்விகள் மட்டுமே இருபதைத் தாண்டினாலும் கலங்க வேண்டாம். வாக்கியத்தின் கடைசி ‘ஆ’வை விட்டுப் பழகினாலே கேள்விகள் குறையும்.

நடுவில் சிணுங்கினால், வம்புக்குக் கத்தினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்கள் கட்டைகளோடு தொடருங்கள். அடங்கிய அதே நொடியில் திரும்பி, ‘இப்ப மெதுவா பேசுற, எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் சத்தம் கூடத்தான் செய்யும். அந்த உச்சத்தில் நீங்களோ பாட்டியோ இறங்கிவந்தால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடிப்பதையும் உடைப்பதையும் மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது: ‘அடிச்சதால இன்னைக்கு விளையாட்டு முடிஞ்சுது’ என்று நிறுத்துங்கள். ஆனால் காலையில் செய்த சேட்டைக்காக மாலை ஐந்து நிமிடத்தை ரத்துசெய்யாதீர்கள். மோசமான நாளில்தான் அது அதிகம் தேவை.

இரண்டாம் கட்டம்: சொன்னால் கேட்க வைப்பது

கட்டளை ஒரு நேரத்தில் ஒன்று, நேராக, செய்ய வேண்டியதைச் சொல்வதாக இருக்கட்டும். ‘செருப்ப ஸ்டாண்ட்ல வை’ சரி. ‘செருப்ப வைக்கிறியா?’ என்றால் ‘இல்ல’ என்பதும் நியாயமான பதில். ‘ஒழுங்கா இரு’ என்றால் என்ன செய்வது என்றே தெரியாது. காரணம் சொல்வதானால் கட்டளைக்கு முன்னால் சொல்லுங்கள், அல்லது பிள்ளை செய்து முடித்த பிறகு. நடுவில் விளக்கினால் வாக்குவாதம் தொடங்கும்.

சொன்னபின் ஐந்து நொடி வாயைத் திறக்காமல் காத்திருங்கள். செய்தால் ‘சொன்ன உடனே செஞ்ச, ரொம்ப நன்றி’ என்று மனம் நிறையச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை: ‘செருப்ப வைக்கலன்னா நாற்காலியில உக்காரணும்.’ மறுபடி ஐந்து நொடி. அதற்கும் செய்யாவிட்டால் நாற்காலியில் மூன்று நிமிடம், கூடவே கடைசியில் ஐந்து நொடி அமைதி. அந்த நேரத்தில் பேச்சும் பார்வையும் கிடையாது. முடிந்ததும் அதே கட்டளைக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி வேலையிலிருந்து தப்பும் வழியாகிவிடும். இப்போது செய்தால் ‘சரி’ மட்டும். உடனே இன்னொரு எளிய கட்டளை கொடுத்து, அதைச் செய்ததும் பெரிதாகப் பாராட்டுங்கள்.

நாற்காலிப் பகுதியை இதைப் படித்துவிட்டு வீட்டில் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை எழுந்து ஓடும்போது பெற்றோரின் கை நீள்கிறது, குரல் உயர்கிறது. முதல் சில தடவை காதில் ஒருவர் நிதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த முறை அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டத்தையும் நல்ல கட்டளைகளையும் இன்றே தொடங்கலாம்.

அடியால் திருத்தலாம் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடந்த ஆய்வைப் பார்க்க வேண்டும், 2004இல் வெளியானது. பிள்ளையை அடித்துத் துன்புறுத்தியதாகக் குழந்தை நல அமைப்பின் விசாரணைக்கு வந்த 110 பெற்றோர் அதில் இருந்தார்கள். வழக்கமான பெற்றோர் வகுப்புக்குப் போனவர்களில் 49 சதவீதத்தினர் மீது மீண்டும் புகார் வந்தது, பி.சி.ஐ.டி. பெற்றவர்களில் 19 சதவீதம்தான். அடித்த கையையே மாற்ற முடிகிறது.

தொடங்கும் முன் காது கேட்பதையும் பேச்சு வளர்ச்சியையும் பரிசோதித்துவிடுங்கள். காதில் விழாத பிள்ளையைச் சொல்பேச்சு கேட்காத பிள்ளை என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களில் இந்தப் பரிசோதனைகளைக் கேட்கலாம். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் அருகில் இல்லாவிட்டால் வீடியோ அழைப்பு வழியாகவும் செய்யலாம்: போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், புளூடூத் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், மற்றக் காது பிள்ளைக்கு.