பிள்ளைக்கு வயலின் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? கடையிலேயே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

என் மகள் ஏழு வயதில் வயலின் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது பத்து வயது. இதுவரை இரண்டு அளவு வயலின் எடுத்தோம், இரண்டும் வாடகைதான். முதல் வயலினைத் திருப்பிக் கொடுத்தபோது அட்வான்ஸில் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டேன். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

பிள்ளைகளுக்கு வாடகைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. வயலின் 1/8, 1/4, 1/2, 3/4, முழு அளவு என்று படிப்படியாக வரும். கை வளர வளர மாற்றியே ஆக வேண்டும். முழு அளவு வந்த பிறகு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

படி 1: ஆசிரியரிடம் கேளுங்கள்

கர்நாடக சங்கீதமா, மேற்கத்திய இசையா என்பது முதலில் தெரிய வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டும் நடக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவுக்காகப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு, கோயில் கச்சேரிக்காகப் படிக்கிறவர்களும் உண்டு. கர்நாடக முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பார்கள். அதற்குத் தோள் தாங்கி தேவையில்லை. கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

(எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியம், வீணை படிக்க வைக்கலாமே" என்றார். முன்பு நம் ஊர்கள் இருந்த திருவிதாங்கூரில், மன்னர் சுவாதித் திருநாள் அரசவையில் வயலின் வாசித்தவர், தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு. மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தது 1834இல். நமக்கு வயலின் ஒன்றும் அந்நியமில்லை.)

படி 2: கையை அளந்துகொண்டு போங்கள்

பிள்ளையின் இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரை தையல் டேப்பால் அளக்கவும். சுமார் 47 செ.மீ. என்றால் 1/4, 51 என்றால் 1/2, 56 என்றால் 3/4, 58க்கு மேல் முழு அளவு. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுங்கள். பள்ளிக்கூடச் சீருடை மாதிரி "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிதாக எடுத்தால் சுண்டுவிரல் எட்டாது, தோள் வலிக்கும், பிள்ளை வாசிப்பையே விட்டுவிடும்.

படி 3: வாடகைப் பேச்சு

மாத வாடகை, அட்வான்ஸ் எவ்வளவு, தந்தி அறுந்தால் யார் செலவு, நடுவில் அளவு மாற்றித் தருவார்களா. இந்த நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பன்னிரண்டு மாத வாடகையைக் கூட்டிப் பார்த்து, அது புது வயலின் விலையைத் தொட்டுவிட்டால் வேறு கடை பாருங்கள்.

படி 4: கடையிலேயே சோதனை

என் பணம் போனது இந்த இடத்தில்தான். அன்று ஆடிச் சாரல். கடைக்குள் ஒரே ஒரு டியூப் லைட். வயலின் பளபளவென்று இருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, தாடை வைக்கிற இடத்துக்குக் கீழே மேல்பலகையும் பக்கப் பலகையும் சேருகிற விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒட்டு விட்டிருப்பதைக் காட்டினார்கள். வாங்கும்போதே இருந்ததா, எங்கள் வீட்டில் வந்ததா? என்னிடம் பதில் இல்லை. பணம் அவர்கள் கையில்.

அதனால் வயலினை வாசலுக்கு, வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், தேங்காய் தட்டிப் பார்ப்பது போல. ஒட்டு நன்றாக இருக்கிற இடத்தில் 'டொக் டொக்' என்று கட்டியாகக் கேட்கும். விட்டிருக்கிற இடத்தில் சத்தம் உடைந்து, லேசாக அதிரும். காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒட்டு விடுவது பெரிய நோய் இல்லை. பழைய முறையில் செய்கிற வயலினில் விலங்குத் தோல் பசைதான் போடுவார்கள். ஈரத்தில் மரம் உப்பும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விட வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசை. தெரிந்தவர் கையில் கொடுத்தால் திரும்ப ஒட்டிவிடலாம். நீங்களாக ஃபெவிகாலோ ஃபெவிக்விக்கோ தொட வேண்டாம்.

அடுத்து, போன் டார்ச்சை எஃப் வடிவத் துளையில் காட்டி உள்ளே பாருங்கள். தந்திகளைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், உள்ளே சின்னக் குச்சி ஒன்று நிற்க வேண்டும். அதுதான் சவுண்ட் போஸ்ட். வில்லை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், பக்கவாட்டில் வளைந்திருந்தால் வேறு கேளுங்கள். தந்தியை முறுக்குகிற நான்கு பிருடைகளையும் திருப்பச் சொல்லுங்கள், நிற்கிறதா வழுக்குகிறதா என்று தெரியும்.

எல்லாவற்றையும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, அங்கேயே நின்று கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது.

படி 5: வீட்டில் சுருதி சேர்ப்பது

கடையிலிருந்து பெரும்பாலும் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று சேர்த்துத் தருவார்கள். கர்நாடக முறைக்கு ச-ப-ச-ப என்று மாற்ற வேண்டும். முதல் முறை ஆசிரியரே செய்யட்டும். நீங்கள் செய்தால் ஒரு தந்தியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் பிரிட்ஜ் சாய்ந்துவிடும், அழுத்தம் போனதும் உள்ளே சவுண்ட் போஸ்ட்டும் விழுந்துவிடலாம். அதை நிறுத்தத் தனிக் கருவி வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும்.

வில்லின் முடியில் தேய்க்கிற பிசின் கட்டிதான் ரோசின். புது ரோசின் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். உப்புத்தாளால் இரண்டு கீறல் போட்டால்தான் வில்லில் ஏறும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு வெளிர் நிற ரோசினே நல்லது, கறுப்பு ரோசின் பிசுபிசுக்கும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவிடுங்கள். வில்லின் முடியைக் கையால் தொடவே கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கை பட்டால் அந்த இடத்தில் வில் சத்தமே எழுப்பாது.

பின்னர் சேர்த்தது: குளச்சலிலிருந்து ஒரு வாசகி, ஆறே மாதத்தில் தந்தி துருப்பிடித்துவிட்டது என்று கருத்தில் எழுதியிருந்தார். கடலோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியைத் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள்.

இன்னொன்று: ஐப்பசி மழையில் பிருடை இறுகித் திரும்பவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். குறடு போட்டுத் திருகாதீர்கள், பிருடை முறிந்துவிடும். வயலினை வெளியே எடுத்து, மின்விசிறி ஓடுகிற அறையில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் சாயங்காலம் தானாகவே இளகியது. இளகாவிட்டால் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு வீடியோ.