காபன் தட்டுச் சப்பாத்து வாங்குமுன் நுரையைப் பாருங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓடுபவர்களின் கால்களைக் கவனித்தால், தடித்த அடியுள்ள சப்பாத்துகள் கொழும்பில் எவ்வளவு பெருகிவிட்டன என்பது தெரியும். புதிதாக ஒரு சோடி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதற்குள் காபன் தட்டு இருக்கிறதா?" என்பதைத்தான். அடியின் நுரைக்குள் பதிக்கப்படும் விறைப்பான காபன் இழைத் தகடுதான் அது. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தட்டைச் சுற்றியிருக்கும் நுரை எத்தகையது? வேகத்தின் பெரும்பங்கு நுரையிலிருந்தே வருகிறது. தட்டின் வேலை அந்த நுரையை ஒழுங்குபடுத்துவது.

கால் தரையில் ஊன்றும்போது சப்பாத்தின் நடுப்படையில் (உள்ளடிக்கும் வெளியடிக்கும் இடைப்பட்ட தடித்த பகுதியில்) உள்ள நுரை அமிழ்ந்து சக்தியைச் சேமிக்கிறது. கால் எழும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. 1970களிலிருந்து வழக்கத்தில் இருக்கும் ஈ.வி.ஏ. என்னும் பிளாஸ்ரிக் வகை நுரை மலிவானது, ஆனால் வீணாக்குவது அதிகம். 2013-இல் அடிடாஸ் நிறுவனம் ரி.பி.யூ. என்னும் மீள்தன்மையுள்ள பிளாஸ்ரிக் மணிகளை ஒட்டிச் செய்த நுரையைக் கொண்டுவந்தது. அது நன்றாக மீண்டெழுந்தாலும் பாரமாக இருந்தது. 2017-இல் நைக்கி வெளியிட்ட வேப்பர்ஃப்ளை என்னும் காபன் தட்டுச் சப்பாத்தில் பெபாக்ஸ் என்னும் மிக இலேசான நுரை பயன்பட்டது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 ஓட்டவீரர்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, அந்தச் சப்பாத்து வாங்கிய சக்தியில் ஏறத்தாழ 87% திருப்பித் தந்ததாகவும், ஒப்பிட்ட மற்ற இரண்டு சப்பாத்துகளும் ஏறத்தாழ 76%, 66% மட்டுமே தந்ததாகவும் காட்டியது. சப்பாத்துகளின் எடையைச் சமப்படுத்திய பிறகும், அதை அணிந்தவர்கள் சராசரியாக 4% குறைந்த சக்தியைச் செலவிட்டே அதே வேகத்தில் ஓடினார்கள். இங்கே விழுக்காட்டைவிட ஆழம் முக்கியமானது: புதிய நுரை ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் அமிழ்ந்ததால், சேமித்த சக்தியே அதிகமாக இருந்தது. இலேசான நுரையாக இருந்தால்தான் பாரம் கூடாமல் அடியைத் தடிப்பாக்க முடியும். ஒரு சப்பாத்தில் 100 கிராம் கூடினாலே ஓடுவதற்கான சக்திச் செலவு ஏறத்தாழ 1% உயர்கிறது.

தட்டு வில்லைப்போல் வளைந்து நம்மை முன்னே எறிகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் வேப்பர்ஃப்ளையின் தட்டை முன்பாதப் பகுதியில் குறுக்கே பல இடங்களில் அறுத்து, அதன் விறைப்பைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தபோது, சக்திச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதற்காகத் தட்டு வீண் என்று சொல்லிவிட முடியாது. கால் எழும்பும் கணத்தில் விரல் மூட்டுகள் அளவுக்கு மீறி மடிந்து சக்தியை இழப்பதை அது குறைக்கிறது. அதன் வளைவு, பாதம் முன்னோக்கி உருள உதவுகிறது. மெத்தென்ற தடித்த நுரை பக்கவாட்டில் தள்ளாடாமலும் பிடித்துவைக்கிறது. ஆகவே பழைய வகை விறைத்த நுரைக்குள் வெறும் தட்டைச் செருகிவிட்டு, "காபன்" என்ற சொல்லுக்காக அதிக விலை கேட்கும் சப்பாத்துகளை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தட்டில்லாத நல்ல நுரைச் சப்பாத்து அதைவிட மேலானது.

அடுத்து உங்கள் வேகத்தைப் பாருங்கள். ஆய்வகத்தில் 4% பயன் கண்டவர்கள் மணிக்கு 14 முதல் 18 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியவர்கள். மணிக்கு 12 கிலோமீற்றர், அதாவது கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் என்ற வேகத்தில், வேப்பர்ஃப்ளைக் குடும்பத்தைச் சேர்ந்த சப்பாத்தின் சராசரிப் பயன் ஏறத்தாழ 1.4% ஆகவும், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் 1% அளவுக்கும் குறைந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. சிலருக்குச் சக்திச் செலவு கூடியும் இருக்கிறது. அதனால் அயலவருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணாமல், நீங்களே சோதித்துப் பார்ப்பதுதான் சரி.

கடைக்கு மாலையில் செல்லுங்கள். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நம் வெக்கையில் நீண்ட தூரம் ஓடும்போதும் அப்படியே வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முழங்காலை மடியுங்கள். கணுக்கால் உட்புறமாகச் சரிந்தால், அந்த உயரமும் மென்மையும் உங்களுக்கு ஏற்றவை அல்ல. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள், குறைந்தது அதே நிறுவனத்தின் வேறொரு சப்பாத்தையாவது இங்கே அணிந்து பார்த்து அளவை உறுதிசெய்துகொள்ள வேண்டும். போட்டிகளில் ஓடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீதி ஓட்டச் சப்பாத்தின் அடியின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது, ஒரு சப்பாத்தில் ஒரு தட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி.

ஒப்பிட்டுப் பார்க்க, பழைய சப்பாத்தையும் புதியதையும் எடுத்துக்கொண்டு, இதயத்துடிப்பு காட்டும் கடிகாரத்தோடு விடியற்காலையில் செல்லுங்கள். காலிமுகத்திடலிலும் மெரைன் டிரைவிலும் கடற்காற்று கணக்கைக் குழப்பிவிடும் என்பதால், சுதந்திர சதுக்கம் போன்ற உள்ளிடமே நல்லது. பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பின் ஒரே வேகத்தில் நான்கு முறை, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம் ஓடுங்கள்: முதலில் பழையது, அடுத்து புதியது, மீண்டும் புதியது, கடைசியாகப் பழையது. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கொழும்பின் ஈரப்பதத்தில், வேகம் மாறாவிட்டாலும் இதயத்துடிப்பு நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும்; பழையதை முதலிலும் முடிவிலும் வைத்தால் அந்த ஏற்றம் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசி இரண்டு நிமிட இதயத்துடிப்பின் சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு, இன்னொரு நாளும் இதைச் செய்து பாருங்கள். இரு நாளும் ஒரே சப்பாத்தில் துடிப்பு குறைவாக இருந்தால் மட்டுமே அந்த வேறுபாட்டை நம்பலாம்.

வாங்கிய உடனே அதில் மரதன் ஓட முற்படாதீர்கள். தட்டும் உயர்ந்த நுரையும் பாதத்திலும் கெண்டைக்காலிலும் விழும் சுமையின் இடத்தை மாற்றுகின்றன. காபன் தட்டுச் சப்பாத்து அணிந்த ஐந்து ஓட்டக்காரர்களுக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பில் அழுத்தக் காயம் (மீண்டும் மீண்டும் விழும் சுமையால் எலும்பு பாதிக்கப்படுவது) ஏற்பட்டதை 2023-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் வாரம் முழுவதும் அதையே அணிந்து பயிற்சி செய்து, ஐந்தாவது வாரத்தில் பாதத்தின் மேற்புறம் வலிக்கிறது என்று நின்றுவிட்டார். தட்டில்லாத சாதாரணச் சப்பாத்துக்குத் திரும்பி மீண்டுவரப் பல வாரம் பிடித்தது. வாரத்தில் ஒரு நாள், முதலில் மூன்று நான்கு கிலோமீற்றர், பின்பு படிப்படியாகக் கூட்டுவது என்ற அளவில் தொடங்குங்கள். எஞ்சிய நாட்களுக்குச் சாதாரணச் சப்பாத்தே போதும்.

இந்த மென்மையான நுரைகள் நீண்டு உழைப்பவை அல்ல. 450 கிலோமீற்றர் ஓடிய பெபாக்ஸ் வகைச் சப்பாத்து, ஈ.வி.ஏ. சப்பாத்தைவிடத் தனக்கிருந்த மேன்மையை இழந்துவிடுவதாக ஓர் ஆய்வு காட்டியது. அடியில் உள்ள இறப்பர் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஓடிய தூரத்தை எழுதிவையுங்கள். மழையில் நனைந்தால் உள்ளடியைக் கழற்றி, தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் பசை இளகும். அடுத்த போட்டிக்கு என்று பெட்டிக்குள் மூடி ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தவும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பசை தளர்ந்து, ஓடும்போதே அடி கழன்றுவிடக்கூடும்.