பூல் கிளீனர் மெதுவா ஊர்ந்துட்டு கெடக்கா? ஸ்க்ரூட்ரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

நீச்சல் குளத்துல தானா ஓடி சுத்தம் பண்ற மெஷின்தான் பூல் கிளீனர். நல்லா சுத்திட்டு இருந்த கிளீனர் திடீர்னு ஒரே மூலைல நின்னு முக்கிட்டு இருக்குன்னா நிறைய பேர் மொதல்ல பண்றது மெஷினத் தூக்கி வெளில போட்டு பிரிக்குறதுதான். வேணாம். ரோபோ டைப் தவிர மத்த கிளீனருக்கெல்லாம் சொந்தமா மோட்டாரே கெடையாது, பம்ப் இழுக்குற தண்ணியோ தள்ளுற தண்ணியோதான் அத ஓட்டுது, அதனால தண்ணி ஓட்டம் கொறஞ்சிருக்கான்னு பாத்துட்டுதான் மெஷின் மேல கை வைக்கணும்.

ஸ்கிம்மர்லயோ (பூல் சுவத்துல மேல் தண்ணிய இழுக்குற வாய்) வேக்யூம் லைன்லயோ (கிளீனருக்குன்னு இருக்குற உறிஞ்சுற குழாய்) ஹோஸ் மாட்டி ஓடுற சக்‌ஷன் டைப்ப முதல்ல எடுத்துக்கலாம், தொல்லை அதிகம் இதுலதான். பூல் தண்ணி ஸ்கிம்மர் வாய்ல பாதி உயரத்துக்காவது நிக்கணும், அதுக்குக் கீழ போச்சுன்னா தண்ணியோட சேத்து காத்தையும் உறிஞ்சும். அப்புறம் பம்ப ஆஃப் பண்ணிட்டு ஸ்கிம்மர் பாஸ்கெட், பம்ப் பாஸ்கெட் ரெண்டையும் காலி பண்ணுங்க. பம்ப் மூடிய திருப்பி மாட்டும்போது ஓ-ரிங்ல மண்ணு, வெடிப்பு எதாவது இருக்கான்னு விரல ஓட்டிப் பாருங்க, வறண்டு போயிருந்தா சிலிக்கான் க்ரீஸ் தடவுங்க, வாசலின் மாதிரி பெட்ரோலியம் ஐட்டம்லாம் ரப்பர ஊற வச்சு கெடுத்துடும்.

ஃபில்டர் மேல இருக்குற பிரஷர் கேஜ யாரும் திரும்பிக்கூட பாக்குறதில்ல, ஆனா பாதி பதில் அதுலயே இருக்கு. ஃபில்டர் சுத்தமா இருக்கும்போது என்ன காட்டுதுன்னு ஒரு தடவ எழுதி வச்சுக்கோங்க. அதவிட 8-லருந்து 10 பி.எஸ்.ஐ (அழுத்தத்தோட அளவு) ஏறி இருந்தா ஃபில்டர் அடச்சிருக்குன்னு அர்த்தம், சாண்ட் ஃபில்டர்னா பேக்வாஷ் (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு அலசுறது), கார்ட்ரிட்ஜ்னா வெளில எடுத்து கழுவணும். வழக்கத்தவிட கீழ எறங்கி இருந்தா கதை வேற, பம்புக்கு முன்னாடி எங்கயோ அடப்பு, இல்லன்னா காத்து உள்ள போகுது. ரிட்டர்ன் ஜெட்ல (ஃபில்டரான தண்ணி பூலுக்குத் திரும்ப வர்ற வாய்) குமிழ் குமிழா நுரை வந்துட்டே இருந்தா காத்துதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, தண்ணிக்கு அடில ஹோஸ்ல ஓட்ட இருந்தா குமிழ் வராது, அந்த ஓட்ட வழியா சும்மா தண்ணிய இழுத்து கிளீனருக்குப் போற சக்‌ஷன்தான் கொறையும், அதனால குமிழ் இல்லன்னா ஹோஸ் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஒவ்வொரு ஜாயிண்டா கைல மடக்கிப் பாத்தாதான் தெரியும்.

மெயின் டிரெய்ன் (பூல் அடில தண்ணிய இழுக்குற வாய்) வால்வ் ஃபுல்லா தெறந்திருந்தா சக்‌ஷன் அந்தப் பக்கம் பங்கு போயிடும், கொஞ்சம் கொறச்சு வச்சுப் பாருங்க. கரண்டு மிச்சம் பண்ண யாராவது வேரியபிள் ஸ்பீடு பம்போட ஆர்.பி.எம்ம (சுத்துற வேகத்த) கொறச்சு வச்சிருந்தாலும் இதே கூத்துதான்.

இதெல்லாம் பாத்தும் சரியாகலயா, ஒரு டெஸ்ட் இருக்கு. பம்ப் ஓடிட்டு இருக்கும்போதே கிளீனர மட்டும் ஹோஸ்லருந்து கழட்டிட்டு, ஹோஸ் வாய தண்ணிக்குள்ளயே வச்சு (வெளில தூக்கினா காத்து ஏறி பம்ப் தண்ணி இழுக்காம போயிடும்) உள்ளங்கைய லேசா கிட்ட கொண்டு போங்க. நல்லா இழுத்தா லைன் ஓகே, கோளாறு கிளீனர்லதான். இழுவையே இல்லன்னா கிளீனர் மேல ஒரு தப்பும் இல்ல, திரும்ப லைனப் பாருங்க. இதப் பண்ணும்போது குளிக்கிறவங்க யாரும் பூல்ல இருக்கக் கூடாது, நீங்களும் தலைமுடி, செயினெல்லாம் தள்ளி வச்சுக்கணும்.

இப்பதான் மெஷினத் தெறக்குற நேரம். டயாஃப்ரம் (உள்ள துடிச்சு கிளீனர ஓட்டுற ரப்பர்) மாடல்னா அந்த ரப்பர வெளில எடுத்து ரெண்டு விரலால லேசா இழுத்து வெளிச்சத்துல புடிங்க. சும்மா பாத்தா நல்லாத்தான் தெரியும், இழுத்தாதான் மடிப்புல முடி மாதிரி ஒரு கிழிசல் தெரியும், அந்தச் சின்ன கிழிசலே போதும் கிளீனர் துடிக்கிறது நின்னு போக. ஒட்டுற வேலையெல்லாம் வேணாம், புதுசு மாத்துங்க. டர்பைன் (தண்ணி ஓட்டத்துல சுத்துற சக்கரம்) மாடல்னா உள்ள ஒரு குட்டிக் கல்லு சிக்கி இருந்தாலே போதும், கையால சுத்தி விட்டுப் பாருங்க, தடங்கல் இல்லாம சுத்தணும். ஒரே எடத்துல வட்டம் அடிக்குதுன்னா ஹோஸ் சுருட்டியே கெடந்து அந்த வளைவு அப்படியே தங்கிப்போச்சுன்னு வச்சுக்கோங்க, வெயில்ல நேரா நீட்டிப் போட்டா சரியாகும்.

பூஸ்டர் பம்ப் (தண்ணிய வேகமா தள்ள தனியா வைக்குற பம்ப்) வச்சு ஓடுற பிரஷர் டைப்ல பை நெறஞ்சிருக்கா, லைன்ல இருக்குற சின்ன சல்லடை அடச்சிருக்கா, ஹோஸ்லருந்து தண்ணி பீச்சுதா, இத மூணையும் பாத்துட்டு ஒரு சக்கரத்துல மார்க் போட்டு தண்ணிக்குள்ள புடிச்சு நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு எண்ணுங்க. உதாரணத்துக்கு போலாரிஸ் 280 மாடலுக்கு 28-லருந்து 32 சுத்து வரணும், மத்ததுக்கு மேனுவல்ல இருக்கும்.

ரோபோக்கு பம்போட சம்பந்தமே இல்ல. ஃபில்டர் கூடைல நைஸ் மண்ணு அப்பிப் போய் தண்ணி வெளில வர முடியாம திணறும், அதக் கழுவினாலே பாதி ரோபோ எழுந்து ஓடும். பிளக்கப் புடுங்கிட்டு இம்பெல்லர் (தண்ணிய இழுக்குற சின்ன விசிறி) மூடியத் தெறந்து பாருங்க, தண்டுல முடியும் நூலும் கயிறு மாதிரி இறுகி இருக்கும், கத்தரிக்கோலால நறுக்கி எடுங்க. தரைல ஓடுது ஆனா சுவத்துல ஏறலன்னா பிரஷ் தேஞ்சிருக்கும் இல்ல சுவத்துல பாசி வழுக்கும், பாசிக்கு ரோபோவ குத்தம் சொல்லி புண்ணியமில்ல, குளோரினப் பாருங்க. தண்ணில எறக்கும்போது கவுத்துப் போட்டு உள்ள இருக்குற காத்த வெளில விடணும், இல்லன்னா பாதி மெதந்துட்டே அலையும். எல்லாம் சுத்தமா இருந்தும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இழுக்கலன்னா டிரைவ் மோட்டார்தான், அது சீல் பண்ணின பெட்டி, அத மட்டும் வீட்ல தெறக்காம சர்வீஸுக்குக் குடுத்துடுங்க.