டிஸ்க்கைப் பகிரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறார். இரண்டு கணினிகள், ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி. வேகமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாஸில் இருந்த இடத்தை ஐஸ்கஸி என்ற இணைப்பு முறை வழியாக இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் இணைத்துவிட்டார். இரண்டிலும் புது டிரைவ் அழகாக வந்து நின்றது. ஆனால் ஒன்றில் போட்ட ஃபோல்டர் மற்றதில் தெரியவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் தெரிந்தது. சரி, இதுதான் இதன் சுபாவம் போல என்று விட்டுவிட்டார். நாலாம் நாள், முகூர்த்தம் இருக்க வேண்டிய ஃபைலைத் திறந்தால் வேறு வீட்டு வளைகாப்பு ஓடுகிறது. டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமா என்று விண்டோஸ் கேட்க, அவரும் சரி என்று அழுத்த, பாதி ஃபோல்டர்கள் காணாமல் போயின.

நாஸ் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஐஸ்கஸி ஃபைலைப் பகிர்வதில்லை. வெறும் டிஸ்க்கை அப்படியே தூக்கிக் கணினியின் கையில் கொடுக்கிறது. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டங்கள், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறைகள், அந்த டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பி எழுதப்பட்டவை. எந்த இடம் காலி, எங்கே எது இருக்கிறது என்ற கணக்கைக் கணினி தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். ஒரே பேரேட்டை இரண்டு கணக்கர்கள், ஒருவருக்கொருவர் பேசாமல், நேற்றைய நகலைப் பார்த்து எழுதினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. ஐஸ்கஸி நல்ல தொழில்நுட்பம்தான், ஒரு லன்னுக்கு (ஐஸ்கஸி கொடுக்கும் ஒரு டிஸ்க் பகுதிக்கு) ஒரு கணினி என்று வைத்துக்கொண்டால். பலர் சேர்ந்து எழுத வேண்டுமென்றால் எஸ்எம்பி அல்லது என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை போதும். அங்கே கணக்கை நாஸ் ஒன்றே பார்த்துக்கொள்ளும். ஒரே டிஸ்க்கில் பல கணினிகள் சேர்ந்து எழுதுவதற்கென்றே ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்களும் உண்டு, ஆனால் வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் அவை வேண்டாத தலைவலி.

அடுத்தது, “ரெய்டு போட்டிருக்கிறேன், பேக்கப் எதற்கு?” என்ற கேள்வி. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகல் ஒன்று என்றால், நீங்கள் தவறாக அழித்த ஃபைல் அதே நொடியில் இரண்டிலும் அழியும். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அந்தச் சமயத்தில் ரெய்டு எந்த உதவியும் செய்யாது. ஆகவே ஒரு நகல் தனி யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். இன்னொன்று வேறு வீட்டில், ஜூரோங்கில் இருக்கும் அண்ணன் வீடானாலும் சரி. அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

வெளியே இருக்கும்போது ஃபைல் வேண்டும் என்று ரூட்டரில் எஸ்எம்பிக்கான வாசலான 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக உள்ளே வாருங்கள். பழைய ஸ்கேனருக்காக எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1ஐ மறுபடி இயக்குவதும் வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும்.

‘எல்லோருக்கும் முழு அனுமதி’ என்பதும் வேண்டாம். விண்டோஸில் பகிர்வு அனுமதி, ஃபைல் அனுமதி என இரண்டு அடுக்கு உண்டு, இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஏன் திறக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர். ஆளுக்கொரு கணக்கு, பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள்.

நம்ம ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இடமில்லை என்று ரூட்டரையும் நாஸையும் பாம் ஷெல்டர் என்ற தடித்த சுவர் கொண்ட பாதுகாப்பு அறைக்குள் வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை தள்ளாடித்தான் வரும், உள்ளே சூடும் ஏறும். கூடத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கேபிளில் இணையுங்கள். அந்தக் கேபிளையும் பாருங்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்தால்கூட இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். ஒரு டெராபைட்டை நகலெடுக்க ஜிகாபிட்டில் இரண்டரை மணி நேரம் ஆகும், 100 மெகாபிட்டில் ஏறக்குறைய ஒரு நாள். வாசல்வரை 10 ஜிகாபிட் வந்தும் பயனில்லை.

நண்பர் விஷயத்தில், கேமரா மெமரி கார்டுகள் சிலவற்றை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். முகூர்த்தம் கிடைத்துவிட்டது. வரவேற்பு கிடைக்கவில்லை.