விமான எஸ்கேப் ஸ்லைடைப் பராமரிப்பின்போது பாதுகாப்பாகக் கையாளும் முறை

அவசரத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்காகக் கதவின் உட்புறத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் எஸ்கேப் ஸ்லைடு பார்வைக்கு ஒரு துணிப் பொதி போலத்தான் இருக்கும். ஆனால் அதனோடு இணைந்த சிலிண்டரில், பல வகைகளில், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3000 பவுண்டு அழுத்தத்தில் வாயு அடைபட்டிருக்கிறது. சில விநாடிகளில் விரிந்து பயணிகளைக் காக்க வேண்டிய அந்த வேகமே, ஹேங்கரில் கதவருகே நிற்பவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிடும். எனவே, கதவைத் தொடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டதாகக் கருதுங்கள்.

முதலில், அந்த விமானத்துக்குரிய பராமரிப்புக் கையேட்டின் நடப்புப் பதிப்பை எடுத்து, உரிய பகுதியை முழுவதும் படியுங்கள். ஒரு விமானத்தில் பழகிய கை இன்னொன்றில் தவறு செய்யும். ஏர்பஸ் ஏ320 கதவை வெளியிலிருந்து திறந்தால் ஸ்லைடு தானாகவே டிஸ்ஆர்ம் (கதவு திறந்தாலும் விரியாத நிலை) ஆகிவிடும். போயிங் 737-இல் அப்படி இல்லை, ஆர்ம் ஆன (திறந்தால் ஸ்லைடு விரியும் நிலையிலுள்ள) கதவை வெளியிலிருந்து திறந்தாலும் ஸ்லைடு விரியும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்தால் போதும், விபத்து நேர்ந்துவிடும்.

அடுத்து, ஸ்லைடின் நிலையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 737-இல் கர்ட் பார் எனப்படும் உலோகத் தண்டு தரையிலுள்ள பிடிப்புகளில் மாட்டியிருந்தால் ஸ்லைடு ஆர்ம் நிலையில் இருக்கிறது; கதவிலேயே தன் இடத்தில் செருகியிருந்தால் டிஸ்ஆர்ம் நிலை. கதவுக் கண்ணாடியின் குறுக்கே சிவப்புப் பட்டை தெரிந்தால் வெளியில் நிற்பவர் கைப்பிடியைத் தொடவே கூடாது. பட்டை குறுக்கே இல்லை என்பதை மட்டும் நம்பிவிடாமல், உள்ளே சென்று தண்டையும் பார்த்துவிடுவதே சரி.

டிஸ்ஆர்ம் செய்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பொதியைக் கழற்றுவதற்கு முன், கையேடு காட்டும் துளையில் சேஃப்டி பின்னைச் செருக வேண்டும். சிவப்பு நாடா தொங்கும் அந்தச் சிறு பின்தான் சிலிண்டரின் வால்வு திறக்காமல் தடுக்கிறது. பின் முழுவதும் உள்ளே இறங்கியதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நாடா தொங்குவதை மட்டும் கண்டு திருப்தி அடையாதீர்கள். செருகிய கணத்திலேயே, எந்தக் கதவு என்பதையும் சேர்த்து, பணிப் பதிவில் எழுதுங்கள்.

பொதி கனமானது, இருவர் சேர்ந்து தூக்குங்கள். ஸ்லைடைக் கர்ட் பாரோடு இணைக்கும் கர்ட் துணியையோ, கையால் விரிக்க உதவும் சிவப்புக் கைப்பிடியையோ ஒருபோதும் பிடிமானமாகக் கொள்ளாதீர்கள். சட்டைப் பையிலுள்ள பேனா போன்ற கூரான பொருட்களை முன்னதாகவே அகற்றிவிடுங்கள். பொதியைப் பிரிப்பதும் மீண்டும் மடிப்பதும் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையின் வேலை. அனுப்பி வைக்கும்போது இது ஐ.நா. எண் 2990 உடைய அபாயப் பொருள் என்பதால், அதற்குரிய பொதிவும் அடையாளச் சீட்டும் தேவை.

மீண்டும் பொருத்தும்போது அழுத்தமானியைப் பாருங்கள். வெப்பநிலைக்கேற்ப அழுத்தம் மாறும் என்பதால், கையேட்டிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். பொருத்தி முடித்தபின், கையேடு சொல்லும் கட்டத்தில் பின்னை உருவுங்கள். உங்களைக் காத்த அதே பின் உள்ளேயே தங்கிவிட்டால், தீப்பிடித்த விமானத்தில் கதவு திறக்கும், ஸ்லைடு விரியாது. அதனால் உருவிய பின்களைக் கையில் எண்ணி, பதிவிலுள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்து, இன்னொருவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிடுங்கள்.