பழைய பைப்பர் கப் விமானத்தின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

நிலம் வாங்கப் போகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய வரிசை எங்கும் அறுபடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார். எண்பது ஆண்டு பழமையான ஓர் இலகுரக விமானத்தை வாங்குகிறவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். இங்கே விடுபட்டுப் போன ஒரு தாளுக்குப் பின்னால், வெட்டி ஒட்டப்பட்ட ஓர் உடற்சட்டக் குழாயோ உள்ளே துருவேறிய ஓர் இறக்கைத் தாங்குதண்டோ மறைந்திருக்கக்கூடும்.

அமெரிக்காவில் பதிவான பைப்பர் ஜே-3 கப் விமானத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் ஊரில் 1937-இன் இறுதியிலிருந்து 1947 வரை, ராணுவத்துக்குச் சென்ற எல்-4 வகையையும் சேர்த்து, ஏறத்தாழ 20,000 விமானங்கள் இவ்வகையில் தயாராயின. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணிப்போர்வை, பெரும்பாலும் 65 குதிரைத்திறன் கொண்ட காண்டினென்டல் என்ஜின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளி, போர்க்களம், பண்ணை, ஏரிக்கரை என்று பல கைகளில் இவை உழைத்திருப்பதால், ஒவ்வொரு கப்பின் கோப்பும் தடித்தே இருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் முன் நிற்பது எந்த விமானம் என்பதுதான். வாலில் எழுதப்பட்ட பதிவு எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வழி தவறிவிடும். பதிவு எண் மாற்றப்படலாம்; ஒரு விமானம் பதிவிலிருந்து நீங்கிய பின் அதே எண் வேறொரு விமானத்துக்குக் கொடுக்கப்படலாம். அந்தக் காலத் தாள்களில் எண்ணுக்கு முன்னால் என்சி என்ற இரண்டு எழுத்துகளைக் காண்பீர்கள். 1948-இன் இறுதியோடு சி போய், என் மட்டும் எஞ்சியது. விமானத்தோடு நிரந்தரமாக ஒட்டியிருப்பது தயாரிப்பு வரிசை எண். அது அடையாளத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும், அரசின் அனுமதியின்றி அந்தத் தகட்டைக் கழற்றுவதோ மாற்றுவதோ சட்டப்படி குற்றம். தகட்டில் உள்ள எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

எல்-4 வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. பைப்பர் தொழிற்சாலை உடற்சட்டத்துக்குத் தனியாக ஓர் எண் கொடுத்தது. அது வரிசை எண்ணிலிருந்து வேறுபட்டது. போருக்குப் பின் ஐரோப்பாவில் விற்கப்பட்ட பல எல்-4 விமானங்கள், சட்டக எண்ணையே வரிசை எண்ணாகக் கொண்டு அந்தந்த நாட்டுப் பதிவேடுகளில் ஏறிவிட்டன. போர்க்காலத்துப் பழுதுபார்ப்பில் சட்டங்கள் மாறி மாறிப் பொருத்தப்பட்டதும் உண்டு. எனவே ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்த ஒரு கப்பைப் பார்க்கும்போது இரண்டு எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வேறொரு விமானத்தின் வீரவரலாற்றை உங்கள் விமானத்தின் மேல் ஏற்றிவிடுவீர்கள்.

அடையாளம் உறுதியான பின், ஓக்லஹோமா நகரில் உள்ள கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழுக் கோப்பையும் வரவழைக்க வேண்டும். சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் இதன் மின்நகலைப் பெறலாம். விற்பவரின் ஒப்புதல் தேவையில்லை. கோப்பு இரண்டு பகுதிகளாக வரும். ஒன்றில் உரிமை தொடர்பான விற்பனை ஆவணங்களும் பதிவு விண்ணப்பங்களும் கடன் பத்திரங்களும் இருக்கும். மற்றொன்றில் விமானத்தின் பறக்கும் தகுதி தொடர்பான சான்றிதழ்களும், பெரிய பழுதுகளையும் மாற்றங்களையும் பதிவு செய்யும் 337-ஆம் படிவங்களும் இருக்கும்.

உரிமைப் பகுதியைப் படிக்கும்போது, ஒவ்வொரு விற்பனையிலும் வாங்கியவரே அடுத்த விற்பனையில் விற்றவராக இருக்கிறாரா என்று வரிசையாகச் சரிபாருங்கள். ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் உரிமை கேள்விக்குள்ளாகும். உரிமையாளர் இறந்து, வாரிசுகள் தாள் எதுவும் இல்லாமல் விற்றுவிட்ட இடங்களில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. கடனுக்கும் இதே கவனம் தேவை. 1950-களில் ஒரு வங்கியிடம் அடகு வைக்கப்பட்டு, பணம் முழுவதும் கட்டி முடிக்கப்பட்ட பின்னும், விடுவிப்புப் பத்திரம் பதிவகத்துக்கு அனுப்பப்படாமலே போயிருக்கலாம். அந்த வங்கியே இன்று இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் ஏட்டில் வில்லங்கம் நிற்கும். அதைத் தீர்த்துத் தரும் பொறுப்பு விற்பவருடையது. பணம் கைமாறுவதற்கு முன் அது முடிந்திருக்க வேண்டும்.

உரிமையாளர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பயிற்சிப் பள்ளி என்றால் ஆயிரக்கணக்கான கடினமான தரையிறக்கங்கள். பூச்சிமருந்து தெளித்தவர் என்றால், குழாய்ச் சட்டத்தின் இண்டு இடுக்குகளில் அரிக்கும் ரசாயனம். மிதவை பொருத்தி ஏரியில் இறக்கியவர் என்றால் பல ஆண்டு ஈரம். இவை எந்த விபத்து அறிக்கையிலும் வராதவை. ஆனால் மிதவையும் மருந்துத் தொட்டியும் பொருத்தப்பட்டதற்கான 337-ஆம் படிவங்கள் கோப்பில் கிடக்கும்.

அந்தப் படிவங்களை அவசரப்படாமல் படிக்க வேண்டும். நான் படித்த ஒரு கப்பின் கோப்பில், கார்பன் தாளில் மங்கலாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு படிவம், வால் பகுதியின் கீழ்க்குழாய் ஒன்று வெட்டப்பட்டு உள்குழாய் செருகிப் பற்றவைக்கப்பட்டதாகச் சொன்னது. அடுத்த தாள் வலது இறக்கையின் முனை வளைவு மாற்றப்பட்டதைச் சொன்னது. தேதி அதே வாரம். பராமரிப்புப் பதிவேட்டில் அதே மாதம் புதிய மரப் புரொப்பெல்லர் ஏறியிருந்தது. விபத்து என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும் மூன்று குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தரையில் ஓடும்போது விமானம் வட்டமடித்துச் சுழன்று இறக்கையைத் தரையில் உரசி நின்றிருக்க வேண்டும் என்பது விளங்கும். வால்சக்கர விமானங்களுக்கே உரிய விபத்து அது.

விபத்துகளைத் தேட, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் இணையத் தரவுத்தளம் 1962 முதல் உதவும். அதில் பதிவு எண்ணைத் தட்டி எதுவும் வரவில்லை என்றதும், "சேத வரலாறு இல்லை" என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். இதை நம்பவே கூடாது. யாருக்கும் கடும் காயம் இல்லாத நிலையில், கணிசமான சேதம் ஏற்பட்டால்தான் ஒரு நிகழ்வு அந்த வாரியத்தின் விதிப்படி விபத்தாகக் கருதப்படும். இறங்குசக்கரங்கள், இறக்கை முனைகள், துணியில் சிறு ஓட்டைகள், தரையில் புரொப்பெல்லருக்கு ஏற்படும் சேதம், ஒரே என்ஜினோடு நின்றுவிடும் சேதம் ஆகியவை கணிசமான சேதம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. கப்புக்கு நேரும் சேதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மின்சாரத் தொடக்கி இல்லாத விமானம் இது. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். சக்கரத்துக்குத் தடைக்கட்டை வைக்காமலோ வாலைக் கட்டாமலோ கிளப்பினால், ஆளில்லாமலே ஓடி எதிரில் நிற்பதில் மோதும். அப்படி மோதிய என்ஜினின் வளைதண்டு விரிசலுக்காகச் சோதிக்கப்பட்டதா என்பதைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

பராமரிப்புப் பதிவேடுகள் அரசிடம் இல்லை. உரிமையாளரிடம் மட்டுமே இருப்பவை. உடற்பகுதிக்கும் என்ஜினுக்கும் தனித்தனி ஏடுகள் கேளுங்கள். ஒவ்வொரு ஆண்டுச் சோதனையிலும் எழுதப்பட்ட பறந்த மணிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எண்ணிக்கை ஒரேயடியாகக் குறைந்தாலோ, பத்து ஆண்டுகள் நகராமல் நின்றாலோ காரணம் கேட்க வேண்டும். பறக்காமல் கொட்டகையில் கிடந்த விமானம், தொடர்ந்து பறந்த விமானத்தைவிடப் பழுதடைந்திருக்கும் என்பது என் கருத்து. ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். முதல் ஏடு தொலைந்துவிட்டது என்றால், மொத்த மணிக்கணக்கு என்று சொல்லப்படுவது ஊகம்தான். மாறாக, பெரிய பழுது ஒன்று முறையாக எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, ஓக்லஹோமா கோப்பிலும் இருந்தால் அதற்காக விலகிப் போக வேண்டாம். எண்பது வயது விமானத்தில் பழுது இல்லாமல் இருக்காது.

எல்லாவற்றிலும் மேலாக இறக்கைத் தாங்குதண்டுகளின் வரலாற்றைத் தேடுங்கள். கப்பின் ஒவ்வொரு இறக்கையையும் உடலின் அடியிலிருந்து இரண்டு உள்ளீடற்ற எஃகுத் தண்டுகள் தாங்குகின்றன. உள்ளே புகுந்த ஈரம் வடிந்து கீழ்முனையில் தேங்க, வெளியே பளபளக்கும் வண்ணத்துக்கு அடியில் தண்டு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பறக்கும்போது தண்டு அறுந்தால் இறக்கை மடிந்துவிடும், விமானிக்கு வேறு வழியே இராது. இதற்காகவே கட்டாயப் பாதுகாப்பு ஆணைகள் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளன. முழுதும் அடைக்கப்பட்ட புதுவகைத் தண்டுகள் இல்லாத விமானங்களில் 24 மாதங்களுக்கு ஒருமுறை தண்டுகளில் துருச் சோதனை நடக்க வேண்டும். வில்விசை கொண்ட கூர்முனைக் கருவியை எடுத்து, கீழ்ப்பகுதி நெடுகச் சிறு இடைவெளிகளில் அழுத்துவார்கள். குழி விழுந்தால் தண்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தண்டின் முனையில் திருகி நிற்கும் கவைகளின் மரைகளிலும் விரிசல் தேட வேண்டும். பதிவேட்டில் "ஆணைகள் நிறைவேற்றப்பட்டன" என்ற ஒற்றை வரி போதாது. ஆணையின் எண், சோதித்த முறை, தேதி, அடுத்த சோதனை எப்போது, புதிய தண்டு என்றால் அதன் பாக எண் என எல்லாம் இருக்க வேண்டும்.

பிறகு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு விமானத்தருகே செல்லுங்கள். துணியில் உள்ள சோதனைத் திறப்புகளைக் கழற்றி, வாலுக்குள் கைவிளக்கை அடித்து, கீழ்க்குழாய்களில் உள்ள ஒவ்வொரு பற்றவைப்பையும் ஒரு 337-ஆம் படிவத்தோடு பொருத்திப் பாருங்கள். படிவம் இல்லாத பற்றவைப்பு, யாரோ எப்போதோ எழுதாமல் செய்த வேலை. அதை மெக்கானிக் தனியே ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் வரை விலை பேச வேண்டாம்.

விமானம் கைக்கு வந்ததும் பழைய ஏடுகளின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, விற்பனை ஆவணத்தையும் பதிவு விண்ணப்பத்தையும் உடனே பதிவகத்துக்கு அனுப்புங்கள்.