சின்னம் குத்தியாயிற்று, அப்புறம்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆரம்பப் பிரிவில் தலைமைத்துவம் என்றால் பெரும்பாலும் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் விழாதான். பெற்றோர் வருவார்கள், அதிபர் பேசுவார், அன்றைக்கே படம் முகநூலில் ஏறிவிடும். விழாவில் பிழையில்லை. மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை என்று யாரும் யோசித்து வைக்காததுதான் பிழை.

வேலை இல்லாத தலைவருக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது ஒன்று இருக்கிறது: ரீச்சர் இல்லாத நேரம் கதைக்கிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. என் கணிப்பில் ஆகக்கூடிய சேதம் இதனால்தான். எட்டு வயதுப் பிள்ளை கூட்டாளியின் பெயரை எழுதினால் இடைவேளையில் விளையாட்டுக்குச் சேர்க்க மாட்டார்கள். எழுதாவிட்டால் ரீச்சரிடம் ஏச்சு. கெட்டிக்காரப் பிள்ளை சீக்கிரமே மூன்றாவது வழியைக் கண்டுபிடிக்கும்: ஒரு ரொபி கொடுத்தால் பெயர் அழியும். (இதுவும் ஒரு பயிற்சிதான், எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.) வகுப்பை அடக்குவது பெரியவர்களின் வேலை. பிள்ளையிடம் ஒரு பொருளையோ ஓர் ஆளையோ ஒப்படையுங்கள். வாசிப்பு மூலைப் புத்தகங்கள், கைகழுவும் இடத்துச் சவர்க்காரம், புதிதாகச் சேர்ந்த பிள்ளையை இடைவேளையில் கூட்டிக்கொண்டு திரிவது, இப்படி ஏதாவது.

யாரைத் தெரிவு செய்கிறோம் என்பதிலும் சிக்கல். தவணைப் பரீட்சையில் முதலாவதாக வரும் பிள்ளைதான் பேச்சுப் போட்டிக்கும், வரவேற்பு நடனத்துக்கும், தலைவர் பதவிக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விடிய எழும்பி மாட்டை அவிழ்த்துக் கட்டி, தம்பியை வெளிக்கிடுத்திக் கூட்டிவருகிற பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. கூச்சம் என்று ஒதுக்கிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கான குருளைச் சாரணர் இயக்கம் 1916இல் தொடங்கியதிலிருந்தே பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, அவர்களில் ஒருவரையே முன்னுக்கு விடுகிறது. முழு வகுப்புக்கும் ஒரே மொனிட்டர் என்பதைவிட இது நல்லது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் எல்லோருக்கும் முறை வரும்.

அதிதி வந்தால் பாண்ட், மாலை, வெயிலில் வரிசை, ரீச்சர் எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடமாக ஒப்பிக்க ஒரு பிள்ளை. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விளக்கினார். ஆட்டிவைத்தல், அலங்காரம், பெயருக்குச் சேர்த்தல் என்ற கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கெடுக்கவில்லை. எங்கள் மேடைகள் பல இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டுமானால், சின்னதாக என்றாலும் உண்மையான முடிவொன்றைப் பிள்ளைகளிடம் விட வேண்டும். உதாரணத்துக்கு, பாடசாலைத் தோட்டத்தில் என்ன நடுவது? மாரிக்கு முன்னால் வத்தகை நடுவோம் என்பார்கள். மழையில் அழுகும் என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் ஒரு பாத்தியை விட்டுக்கொடுங்கள், நட்டம் கொஞ்ச விதைதான். நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கருத்துக் கேட்பது, கேட்காமலே விடுவதைவிட மோசம்.

ஒருநாள் செயலமர்வு வைத்து, திரையில் தலைவரின் பண்புகளை வரிசையாகக் காட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரம் 3 பிள்ளைக்குச் சிற்றுண்டிப் பொதி ஞாபகமிருக்கும்.

கடைசியாகத் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, பொறுப்பெடுக்கப் பழகிய பிள்ளைகளையே எல்லாவற்றிலிருந்தும் விலக்குகிறோம். படிப்புக் கெட்டுப்போகும் என்று பெற்றோர் பயப்படுவது நியாயம்தான், காலையில் பள்ளி, பின்னேரம் ரியூஷன் என்று பிள்ளை ஏற்கெனவே களைத்திருக்கிறது. ஆகவே பொறுப்புகளைத் தரம் 4இலேயே தொடங்குங்கள். தரம் 5இல் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காத வேலையாக வையுங்கள், அதை ஆண்டுத் தொடக்கத்துப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பரீட்சைக்கு முந்திய கிழமைகளில் அந்த வேலையைத் தரம் 4 பிள்ளை ஒன்றுக்குப் பழக்கிக் கொடுக்கட்டும். பரீட்சை முடிந்து சும்மா நிற்கும் நாட்களில் அவர்களைத் தரம் 1 வகுப்புக்கு அனுப்பலாம். சப்பாத்து நாடா கட்டவும் கதை வாசித்துக் காட்டவும் அங்கே ஆள் தேவை.